மோப்பம் பிடிக்கும் டி செல்!



உங்கள் வகுப்பில், உங்களைப் போலவே சீருடை போட்டுக்கொண்டு ஒரு திருடன் உட்கார்ந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? கஷ்டம்தானே! புற்றுநோயும் அப்படித்தான். அது வெளியிலிருந்து வரும் கிருமி அல்ல. நம் உடம்பின் செல்களே கட்டுப்பாடில்லாமல் பெருகுவதுதான் புற்றுநோய்.

நம் ரத்தத்தில் 'டி செல்' என்ற வெள்ளை அணு உண்டு. அது போலீஸ் நாய் மாதிரி. கிருமி புகுந்த செல்லை மோப்பம் பிடித்துக் கொன்றுவிடும். ஆனால், நம் செல் வேடத்தில் இருக்கும் புற்றுநோய் அதைப் பல நேரம் ஏமாற்றிவிடும்.

'நாய்க்குப் புதிய மூக்கு வைத்தால் என்ன?' என்று யோசித்தார்கள் விஞ்ஞானிகள். நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்தார்கள். நோய் தராதபடி மாற்றிய வைரஸ் மூலம் ஒரு புதிய மரபணுவை அவற்றுக்குள் அனுப்பினார்கள். முளைத்தது புதிய மூக்கு! புற்றுநோய்ச் செல்லின் மேலுள்ள ஒரு புரதம்தான் அதற்குத் தெரிந்த வாசனை. இந்த டி செல்களைக் கோடிக்கணக்கில் பெருக்கி, அந்த நோயாளிக்கே திரும்ப ஏற்றினார்கள். இதன் பெயர் 'கார்-டி செல்' சிகிச்சை. ரோட்டில் ஓடும் கார் இல்லை!

2012 ஏப்ரல். அமெரிக்காவில் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை. எமிலி ஒயிட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு ரத்தப் புற்றுநோய். எத்தனை மருந்து கொடுத்தும் நோய் திரும்பத் திரும்ப வந்தது. கடைசி நம்பிக்கையாக டி செல்களை ஏற்றினார்கள். அவை போட்ட சண்டையில் காய்ச்சல் கொதித்தது. எமிலி நினைவிழந்தாள். செயற்கை சுவாசம் வைத்தார்கள். அப்போது, மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் ஒரு மருந்து டாக்டர்களின் நினைவுக்கு வந்தது. அதைக் கொடுத்ததும் காய்ச்சல் தணிந்தது. எமிலி கண் விழித்த நாள் எது தெரியுமா? அவளுடைய ஏழாவது பிறந்தநாள்! புற்றுநோயும் மறைந்துபோனது.

'நுரையீரல் புற்றுநோய்க்கும் இதையே கொடுக்கலாமே, சார்?' என்கிறீர்களா? நல்ல கேள்வி!

எமிலிக்கு நோய் வந்தது 'பி செல்' என்ற இன்னொரு வெள்ளை அணுவில். அந்த வாசனை நல்ல பி செல்லிலும் உண்டு. இரண்டும் சேர்ந்து அழிந்தாலும், எதிர்ப்பொருளை வெளியிலிருந்து கொடுத்துச் சமாளிக்கலாம். நல்ல நுரையீரல் செல்கள் அழிந்தால்? மூச்சுவிடவே முடியாதே! இன்னொரு சிக்கலும் உண்டு. நுரையீரல் புற்றுநோய் ஒரு கட்டி. கோட்டை மாதிரி. டி செல் உள்ளே நுழைவதே கடினம். நுழைந்தாலும், அதைச் சோர்ந்துபோகச் செய்துவிடும் அந்தக் கட்டி.

அதனால், ஒரு வாசனை போதாது, இரண்டு வாசனை சேர்ந்திருந்தால் மட்டுமே பாயவேண்டும் என்று டி செல்லைப் பழக்க முயல்கிறார்கள். நுரையீரலுக்கு இன்னும் சோதனை நிலைதான்.

அதுவரை நம்மால் முடிந்தது ஒன்று இருக்கிறது. நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் புகைபிடித்தல். வீட்டில் யாராவது புகைபிடித்தால், 'வேண்டாமே!' என்று அன்பாகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்!