எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போதாது

வீடு பழுதுபார்க்க உதவி கேட்டு வரும் மனுக்களுக்காக நேரில் செல்லும்போது, அடுப்படிச் சுவரைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம். அடுப்புக்கு மேலே கருத்து, மூலையில் பூஞ்சணம் பிடித்திருந்தால் அங்கே காற்று நகரவில்லை என்று அர்த்தம். இரண்டு பக்கமும் பொதுச்சுவர், பின்னால் அடுத்த வீடு, முன்னால் ஒரே வாசல். நமது மஹல்லாவின் சந்துகளில் பல வீடுகள் இப்படித்தான்.

இப்படிப்பட்ட சில வீடுகளுக்குச் சென்ற ஆண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி மாட்டிக் கொடுத்தோம். சில வாரங்கள் கழித்து ஒரு சகோதரி, "ஃபேன் ஓடுது, புகை போகலையே" என்றார். போய்ப் பார்த்தோம். தவறு எங்களுடையதுதான். கொசுவுக்குப் பயந்து ஜன்னலை பிளாஸ்டிக் தாளால் அடைத்திருந்தார்கள், கதவும் மூடியிருந்தது. உள்ளே வர வழி இல்லாதபோது ஃபேன் எந்தக் காற்றை வெளியே தள்ளும்? கிடைத்த ஒரே வழியான குளியலறைச் சாக்கடை வாயிலிருந்து நாற்றத்தை இழுத்துக்கொண்டிருந்தது.

சூடான புகை மேலே போகும். ஆகவே ஃபேன் அடுப்புக்கு மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். காற்று வரும் துவாரம் எதிர்ச்சுவரில், தாழ்வாக இருக்க வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வந்த காற்று அப்படியே வெளியேறிவிடும், அடுப்படிப் புகை அசையாது. எதிர்ச்சுவர் பொதுச்சுவராக இருந்தால், அடுப்படிக் கதவின் அடியில் ஓர் அங்குலம் அறுத்துவிட்டு, வாசல் பக்க ஜன்னலைத் திறந்து வைத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும். சரிபார்க்க, ஃபேனைப் போட்டுவிட்டு மெல்லிய காகிதத்தைக் கதவு இடுக்கில் பிடியுங்கள். அடுப்படிப் பக்கம் இழுபட்டால் காற்று வருகிறது.

துவாரம் கழிவறைத் தொட்டியின் காற்றுக்குழாய், ஜெனரேட்டர், வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றின் அருகே வேண்டாம். கொத்தனாரிடம் துளையை வெளிப்பக்கம் சற்றுச் சரிவாகப் போடச் சொல்லுங்கள், மழைநீர் உள்ளே வராது. கொசுவலை அவசியம். ஆனால் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறினால் வலையே சுவராகிவிடும். மாதம் ஒருமுறை கழுவுங்கள். ஃபேன் வாய் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்காமல் இருக்கட்டும். துளை போடுமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பரண் மேலோ மாடிப்படியிலோ புகையை விடுவது வெளியேற்றுவது ஆகாது.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். தாழ்வான துவாரம் அதற்கும் உதவும். ஆனால் கசிவு வாடை வந்தால் ஃபேன் சுவிட்சைத் தொடவே கூடாது, ஒரு பொறி போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

எங்களை மிகவும் கவலைப்படுத்துவது குளியலறைக்குள் இருக்கும் கேஸ் கீசர். அடைத்த அறையில் அது எரியும்போது உண்டாகக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, மயக்கம், சிலருக்கு மரணம். பிள்ளைகள் தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கும் அறை அது. அங்கே ஃபேன் மாட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கீசரை அறைக்கு வெளியே, திறந்த இடத்துக்கு மாற்றுவதுதான் வழி.

சென்ற ஆண்டு எங்களிடம் ஃபேன் பெற்றவர்கள் அலுவலகத்தில் முகவரியைக் கொடுங்கள். துவாரம் போடும் கூலியை அறக்கட்டளையே கொடுக்கும். கீசர் மாற்ற வேண்டிய வீடுகளுக்கு முதலில் வருவோம்.