ஒளிந்திருக்கும் கப்பலைத் தேடலாம்: ஜாவா நிரல் புரிய ஒரு செம்பனை நிரை போதும்

முதல் மூன்று படிவங்களில் ஸ்கிராட்ச், பைத்தன் என்று பழகிய பிள்ளைகள், நான்காம் படிவத்தில் கணினி அறிவியல் பாடம் எடுத்தால் ஜாவாவைச் சந்திக்கிறார்கள். பலர் தடுமாறுவது இங்கேதான். இணையத்தில் கிடைத்த நிரலை அப்படியே எடுத்து ஓட்டினால் ஓடிவிடும். ஆனால் எழுத்துத் தாளில் ஓட்டிப் பார்க்கக் கணினி இருக்காது. எந்த வரி என்ன செய்கிறது என்பது தலைக்குள் இருக்க வேண்டும்.

புரிந்துகொள்ள நல்ல உதாரணம் கட்டத்தில் ஒளித்துக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. கட்டம் போட்ட தாளில் ஒருவர் கப்பலை ஒளித்து வைப்பார். இன்னொருவர் கட்டத்தின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கண்டுபிடிப்பார். கேத்தி சியராவும் பெர்ட் பேட்ஸும் எழுதி 2003இல் வந்த 'ஹெட் ஃபர்ஸ்ட் ஜாவா' நூலில் இதுவே பாடமாக இருக்கிறது. அதில் கப்பலுக்குப் பதில் டாட் காம் நிறுவனங்கள். 7க்கு 7 கட்டம், ஆக மொத்தம் 49 இடம். ஒவ்வொன்றும் 3 கட்டம் நீளமுள்ள 3 நிறுவனங்கள் அதில் ஒளிந்திருக்கும். முதலில் ஒரே ஒரு வரிசையில், 7 கட்டத்தில் ஒரு நிறுவனத்தை மட்டும் ஒளித்துப் பழகச் சொல்கிறது அந்த நூல். அதுவே நல்ல வழி.

முதல் தடுமாற்றம் பூஜ்ஜியம். ஏழு கட்டம் இருந்தால் எண்கள் 1 முதல் 7 வரை இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஜாவாவில் அவை 0 முதல் 6 வரை. செம்பனை நிரையின் தொடக்கத்தில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மரம் பக்கத்திலேயே இருக்கிறது. அதை அடைய எந்த மரத்தையும் தாண்ட வேண்டியதில்லை. இரண்டாவது மரத்துக்கு ஒரு மரத்தைத் தாண்ட வேண்டும், ஏழாவதற்கு ஆறு மரத்தை. கணினி குறித்து வைப்பது இந்த 'எத்தனை தாண்ட வேண்டும்' என்ற கணக்கைத்தான். மலாய்ப் பாடநூல் 'தாத்தாசுசுனான்' என்று சொல்வது இந்த நிரையை. இல்லாத 7ஆம் எண்ணைக் கேட்டால், 'இண்டெக்ஸ் 7 அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் ஃபார் லெங்த் 7' என்று சிவப்பில் செய்தி வரும். நிரை முடிந்த பிறகும் மரம் தேடுகிறாய் என்பதே அதன் பொருள்.

இரண்டாவது, ஒளிக்கும் வரி. மேத்.ரேண்டம் என்ற கட்டளை 0 முதல் 1க்குச் சற்றுக் குறைவு வரை ஏதோ ஒரு தசம எண்ணைத் தரும். அதை 5ஆல் பெருக்கினால் 0 முதல் 4.99 வரை வரும். முன்னால் 'இன்ட்' போட்டால் தசமப் பகுதி வெட்டுப்பட்டு 0, 1, 2, 3, 4 ஆகியவற்றில் ஒன்று மிஞ்சும். ஏழு கட்டம் இருக்கும்போது ஏன் 5? கப்பலின் நீளம் 3. அது 4இல் தொடங்கினால் 4, 5, 6 என்று சரியாக முடியும். 5இல் தொடங்கினால் வால் வெளியே போய்விடும். இதில் ஒரு சின்னக் கண்ணியும் உண்டு. பெருக்கல் முழுவதையும் அடைப்புக்குறிக்குள் போடாவிட்டால், பெருக்குவதற்கு முன்பே தசமம் வெட்டுப்பட்டு எப்போதும் 0தான் வரும். நிரல் ஓடும், பிழைச் செய்தி வராது. ஆனால் கப்பல் ஒவ்வொரு முறையும் முதல் கட்டத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

ஒரு வரிசை புரிந்துவிட்டால் 49 கட்டமும் எளிது. சில நிரல்கள் 49ஐயும் ஒரே நீள நிரையாக 0 முதல் 48 வரை எண்ணிவிடும். 26ஆம் எண் எந்த நிரையில் இருக்கிறது? 26ஐ 7ஆல் வகுத்தால் 3, மீதி 5. மூன்று முழு நிரைகளைத் தாண்டி, நான்காவதில் ஐந்து மரத்தையும் தாண்டி நிற்கும் மரம் அது. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ஜாவா மீதியைத் தராமல் விட்டுவிடும். மீதி வேண்டுமென்றால் % குறி போட வேண்டும். பல பிள்ளைகள் அதைச் 'சதவீதம்' என்று வாசித்துவிட்டுக் குழம்புகிறார்கள்.

இவ்வளவும் புரிந்து நிரல் ஓடியும் விட்டது. 'சரி' என்று மூடி வைத்துவிடலாமா? இங்கேதான் இந்த விளையாட்டின் அருமையான பாடம் இருக்கிறது. கப்பல் 2, 3, 4இல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2 என்று சொன்னால் 'பட்டது' என்று வரும். மறுபடியும் 2 சொன்னாலும் 'பட்டது'. மூன்றாவது முறையும் 2 சொன்னால் கப்பல் மூழ்கிவிட்டதாக அறிவிக்கும்! நிரல் பார்ப்பது எத்தனை முறை பட்டது என்பதை மட்டும். எந்த இடத்தில் பட்டது என்பதை அது நினைவில் வைக்கவே இல்லை. முதல் பதிப்பில் இந்தப் பிழையை வைத்துவிட்டு, அடுத்த அத்தியாயத்தில்தான் அதைத் திருத்துகிறது 'ஹெட் ஃபர்ஸ்ட் ஜாவா'.

தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எண்ணிய குலையின் காம்பில் குறி போடாவிட்டால் அதே குலை இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும். நிரலிலும் அதே வேலைதான்: பட்ட கட்டத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். பட்டியல் காலியானால் கப்பல் மூழ்கியது. எண்ணிக்கையே தேவையில்லை. அதற்காக அந்த நூல் பயன்படுத்துவது 'அரேலிஸ்ட்'. சாதாரண தாத்தாசுசுனானின் நீளம் மாறாது. இதில் ஒன்றை எடுத்தால் பட்டியல் தானே சுருங்கும்.

ஜாவா தெரியாத பெற்றோரும் இதில் உதவலாம். ஒரு தாளில் ஏழு கட்டம் போட்டு, அம்மாவோ அப்பாவோ கணினியாக உட்காரட்டும். பிள்ளை ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லட்டும். சொன்னதை மட்டும் செய்ய வேண்டும், அதற்கு மேல் ஒன்றும் செய்யக் கூடாது. பிறகு வேண்டுமென்றே ஒரே எண்ணை மூன்று முறை சொல்லிப் பாருங்கள்.