சொத்தைக்கு ஒரு தொப்பி!

"பால் பல்தானே? எப்படியும் விழப் போகிறது, விடு!" என்று சொல்லாத பாட்டி உண்டா? முன்பற்களைப் பொறுத்தவரை பாட்டி சொல்வது ஓரளவு வாஸ்தவம்தான். ஆனால் பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டியவை. நாலு வயதில் அங்கே சொத்தை விழுந்தால், குழந்தை இன்னும் ஆறேழு வருஷம் அந்தப் பல்லோடுதான் சாப்பிட வேண்டும்; தூங்கவும் வேண்டும்.

டாக்டரிடம் போகலாமென்றால், துளைபோடும் யந்திரத்தின் அந்தக் 'கிர்ர்ர்' சத்தம்! ஏழு வயதில் என்னை இரண்டு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் துளைத்தார். பிறகு இருபது வருஷம் நான் பல் வைத்தியர் வாசலையே மிதிக்கவில்லை.

ஸ்காட்லாந்தில் டாக்டர் நோர்னா ஹால் என்ற அம்மையாருக்கு வேறொரு யுக்தி தோன்றியது. ஊசி கிடையாது, துளைப்பதும் கிடையாது. பல்லுக்குப் பொருத்தமான எவர்சில்வர் தொப்பி ஒன்றை எடுத்து, உள்ளே பல் சிமெண்டை நிரப்பி, சொத்தைப் பல்லின் மேல் விரலால் அழுத்துவார். "கடி, கண்ணே!" என்றதும் குழந்தை கடிக்கும். தொப்பி உட்கார்ந்துவிடும். 1980-களிலிருந்து அவர் இப்படித்தான் செய்துவந்தார்.

சொத்தையை உள்ளேயே வைத்து மூடுவதா? எனக்கும் முதலில் பகீரென்றுதான் இருந்தது. ஆனால் சொத்தை என்பது பூச்சி அரிப்பதல்ல. குழந்தை தின்னும் சர்க்கரையைக் கிருமிகள் தின்று அமிலமாக்குகின்றன. அதில் பல் கரைகிறது. வாசலை அடைத்துவிட்டால் சர்க்கரை ஏது? பட்டினி கிடக்கும் கிருமிகளால் சொத்தையை வளர்க்க முடிவதில்லை.

ஸ்காட்லாந்தின் டேஸைடு பகுதியில் 132 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சொத்தைப் பல்லுக்குத் தொப்பி, இன்னொன்றுக்கு வழக்கமான வைத்தியம். தொப்பிதான் தேவலை என்றவர்கள் 100-க்கு 77 குழந்தைகள்! ஐந்து வருஷம் கழித்து, 2011-ல் வெளியான கணக்கு இன்னும் ருசிகரமானது. வலி, சீழ் போன்ற பெரிய தொல்லை வந்தது தொப்பிப் பற்களில் 100-க்கு 3. மற்றவற்றில் 16-க்கும் மேல்.

எல்லாப் பல்லுக்கும் இது ஆகாது. ராத்திரியில் தானாக வலித்து அழுகிறதா, ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருக்கிறதா? அப்படியானால் வேறு வைத்தியம்தான். தொப்பி போட்ட புதிதில் பல் சற்று உயரமாகத் தட்டுப்படும். சில வாரங்களில் கடி சரியாகிவிடும். பயப்படாதீர்கள்.

ஜப்பானில் 1960-களின் இறுதியில் உருவான வெள்ளி மருந்து ஒன்றும் உண்டு. பெயர் 'சில்வர் டயமைன் புளோரைடு'. சொத்தையில் ஒரு சொட்டுத் தடவினால், பெரும்பாலும் அது மேலே பரவாமல் நின்றுவிடுகிறது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஒரே குறை, சொத்தை கன்னங்கரேலென்று ஆகிவிடும். கடைவாயில் யார் பார்க்கப் போகிறார்கள்? முன்பல்லானால், தடவுமுன் டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

தொப்பியைப் பிறகு யார் கழற்றுவது என்கிறீர்களா? யாரும் வேண்டாம். பல் விழும் வயது வந்ததும் தொப்பியோடேயே விழுந்துவிடும். கூரை மேல் வீசும் வழக்கமுள்ள வீடானால், இந்த முறை 'டங்'கென்று சத்தம் கேட்கும்!