எரியக் கூடாத எண்ணெய்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத்தன்று 2,668 அடி உயர மலையுச்சியில் நெய் எரிகிறது. அதே இரவில் அடிவாரத்திலே, எரியவே கூடாத எண்ணெயொன்று மின்சார டிரான்ஸ்பார்மர்களின் தொட்டிகளில் சூடேறிக் கிடக்கிறது. முன்னதை லட்சக்கணக்கான ஜனங்கள் கைகூப்பித் தொழுகின்றனர். பின்னதை நினைப்பார் எவருமிலர். அதைப் பற்றியே நாம் இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

டிரான்ஸ்பார்மருக்குள் கம்பிச் சுருள்களைக் காகிதம் சுற்றியிருக்கிறது. எண்ணெய் அக்காகிதத்தை நனைத்து, மின்சாரம் தாவாமல் தடுப்பதோடு சுருளின் உஷ்ணத்தையும் வெளியே கொண்டு செல்கிறது. விளக்கும் கடையும் பெருகப் பாரம் ஏறும். பாரம் ஏற உஷ்ணம் ஏறும். உஷ்ணம் ஏறக் காகிதம் நைந்துபோகும். 8 டிகிரி செண்டிகிரேடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்று 1930-ல் அமெரிக்க இன்ஜினீயர் மாண்ட்சிங்கர் கூறினார். இக்காலத்துச் சர்வதேச விதியோ 6 டிகிரிக்கே அவ்வாறு கணக்கிடுகிறது. எண்ணெய் கெட்டால் வடிகட்டலாம், மாற்றலாம். நைந்த காகிதத்தைப் புதுப்பிக்க மருந்தில்லை.

பூமியிலிருந்து எடுக்கும் மினரல் எண்ணெயே நெடுங்காலமாக வழக்கிலிருக்கிறது. அது மலிவானது. ஆனால் உஷ்ணமும் காற்றும் சேர்ந்தால் அதில் அமிலமும் வண்டலும் உண்டாகும். சுமார் 150 டிகிரியில் அதன் ஆவி தீப்பற்றும். தாவர எண்ணெய்க்கோ 300 டிகிரிக்கு மேல் வேண்டும். மற்றொரு நன்மையும் உண்டு. முதுமையடையும் காகிதம் நீரைக் கக்குகிறது. அந்நீரே மேலும் அதனை அரிக்கிறது. தாவர எண்ணெய் அந்நீரைத் தன்பால் ஈர்த்துக் காகிதத்தின் ஆயுளை நீட்டுகிறது. அதன் குறை யாதெனில், காற்றுப் பட்டால் விரைவில் தடித்துப் பிசினாகும் என்பதே. ஆகவே காற்றுப் புகாத தொட்டி அவசியம்.

நமது தேசம் கச்சா எண்ணெயில் பெரும் பகுதியை அயல்நாடுகளில் வாங்குகிறது. சமையல் எண்ணெயிலும் பாதிக்கு மேல் அப்படியே. ஆதலின் ஏழையின் தாளிப்பில் கைவைக்காத புங்க எண்ணெய் போன்றவற்றை நம் ஆராய்ச்சியாளர் சோதித்திருப்பது போற்றத்தக்கது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுக என்று நாம் கூறவில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும் மாடவீதிகளிலும் புதிதாக வைக்கும் டிரான்ஸ்பார்மர்களேனும் தாவர எண்ணெய்க்கென்றே அமைந்தவையாக இருக்கட்டும். பழையவற்றில் தீபத்துக்கு முன்னர் ஆண்டுதோறும் எண்ணெயின் ஈரத்தையும் அமிலத்தையும் சோதித்து, முடிவை ஊரறிய வெளியிடட்டும். செப்பனிடாத கொப்பரையை மலையேற்றுவார் உண்டோ? அடிவாரத்துத் தொட்டிக்கும் அந்தச் சிரத்தை வேண்டும்.