கணப்புக்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லை

காவலூர் வானாய்வகத்துக்கு ஆண்டின் முதல் மூன்று மாதங்கள் பொன்னான காலம். மழை ஓய்ந்து, மேகம் விலகி, விடிய விடிய வானம் தெளிந்து கிடக்கும். 1986-ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை ஜவ்வாது மலைமேல் நிறுத்தியதே அந்த வானத்தை நம்பித்தான். அதே மலைத்தொடரில், ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில், அந்த இரவுகளை எப்படிக் கழிப்பது என்பது பெரிய கவலை. மேகம் மூடிய இரவில் நிலம் பகலில் வாங்கிய சூடு ஓரளவு தங்கும். வானம் திறந்திருந்தால் பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்திலேயே அது மேலே போய்விடும். மார்கழி பிறந்ததிலிருந்து மாசி வரை, விடியற்காலை மூன்று மணிக்கு மேல் இங்கே வயதானவர்கள் யாரும் தூங்குவதில்லை. எழுந்து உட்கார்ந்து விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நெருப்பு மூட்டிக் குளிர் காய்வதற்கு நம்மிடம் கணப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. அரசாங்கத்தின் எந்த உதவிப் பட்டியலிலும் அந்தச் சொல் இல்லை.

மற்ற எல்லாம் இருக்கிறது, மறுக்க முடியாது. மலையாளி பழங்குடி வீடுகளில் தகரப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் காட்டுகிற காகிதங்களைப் பார்த்தால் தெரியும். ரேஷன் கார்டுக்கு விலையில்லா அரிசி. அந்தியோதயா கார்டாக இருந்தால் 35 கிலோ. வயதானவர் பெயரில் முதியோர் பணம். 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய். தகுதி பெற்ற குடும்பத் தலைவிக்கு மகளிர் உரிமைத்தொகை 1,000. மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பொங்கலுக்கு வேட்டி, சேலை. உஜ்வாலா திட்டத்தில் வந்த காஸ் இணைப்பு. வயிற்றுக்கும் உடம்பை மறைக்கவும் கொடுத்தவர்கள், உடம்பு சூடாக இருக்க என்ன வேண்டும் என்று யோசிக்கவில்லை. சமவெளியில் உட்கார்ந்து போட்ட திட்டங்கள் இவை. அங்கே அடுப்பு என்றால் சமையல். மலையில் அடுப்பு என்றால் சமையல் பாதி, குளிர் பாதி.

காஸையே எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் விலை ஏற்றத்துக்குப் பிறகு 14.2 கிலோ சிலிண்டர் சென்னையில் 868 ரூபாய் 50 காசாக இருந்தது. உஜ்வாலா குடும்பத்துக்கு 300 ரூபாய் மானியம் உண்டு, ஆனால் முழுத்தொகையையும் முதலில் கொடுத்துச் சிலிண்டரை வாங்க வேண்டும், மானியம் பிறகுதான் வங்கிக் கணக்கில் ஏறும். ஆண்டுக்கு 12 சிலிண்டருக்கு இருந்த அந்த மானியம் 2025-26-ல் 9 ஆகக் குறைந்தது. 1,200 ரூபாயில் மாதத்தை ஓட்டுகிற ஒரு மூதாட்டி, அதில் பெரும்பகுதியை ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பொருள். திரும்பி வரும் 300-ஐ எடுக்க வங்கிக்கோ பணம் தருகிற ஆளிடமோ போக வேண்டும். குக்கிராமத்திலிருந்து ஜமுனாமரத்தூர் வந்துபோகிற செலவு தனி.

அப்படி ஒரு வீட்டில் சிலிண்டர் மூலையில் நின்றது. மேலே பழைய சேலைத் துணி போர்த்தி, அதன்மேல் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருந்தார்கள். அடுப்பின் பித்தளை பர்னர் பளபளவென்று இருந்தது. வெளியே, மூன்று கல் கூட்டிய அடுப்பில் ஆள் உயரத்துக்கு ஒரு கட்டை. அதன் முனை மட்டும் கல்லுக்குள் கனிந்துகொண்டிருந்தது. எரிய எரியக் காலால் உள்ளே தள்ளுவார்கள். விடிந்ததும் தணலைச் சாம்பலால் மூடி வைத்தால் சாயங்காலம் தீப்பெட்டி தேவைப்படாது. “காஸு இருக்குதே ஆயா, அதுல சமைக்கக் கூடாதா?” என்று கேட்டதற்கு, “ஒறம்பரை வந்தா டீ போட அது. குளிருக்கு அதை எங்க வெச்சுக் காயறது, சாமி?” என்றார். அதற்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நீல நிறத்தில் எரியும் அந்தச் சின்ன வளையத்தைச் சுற்றி நாலு பேர் உட்கார முடியாது.

மலை மக்கள் பழக்கத்தை விடமாட்டார்கள், அதனால்தான் காஸ் தூங்குகிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. குவாதமாலா, இந்தியா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ‘ஹேப்பின்’ ஆய்வு அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. இந்தியப் பகுதி நம் தமிழ்நாட்டில்தான் நடந்தது. பாதிப் பேருக்கு 18 மாதம் அடுப்பும் சிலிண்டரும் காசில்லாமல் வீட்டுக்கே போயின. அவர்கள் விறகை ஏறக்குறைய விட்டேவிட்டார்கள். காசு தடையாக இல்லாவிட்டால் பழக்கம் மாறுகிறது. ஆனால் அந்த வீடுகள் விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கத்துச் சமவெளி வீடுகள். அங்கே அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுக்கலாம். ஜவ்வாது மலையில் காஸை முழுக்க இலவசமாகக் கொடுத்தாலும் இரவுக் கணப்பு அணையாது.

மின்சாரம்? 1,000 வாட் ஹீட்டரை இரவில் ஆறு மணி நேரம் போட்டால் 6 யூனிட். இலவச 100 யூனிட் பதினேழாவது இரவில் தீர்ந்துவிடும், மீதி நாற்பத்துச் சொச்ச இரவுகளுக்குக் காசு கட்ட வேண்டும். ஹீட்டர் வாங்கவே காசு இல்லாதவர்களிடம் இந்தக் கணக்கை நீட்டுவதில் பயனில்லை. மண்ணெண்ணெய் ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிவிட்டது. காஸ் இணைப்பு வந்த கார்டுக்கு அதிலும் வெட்டு.

குளிரை ஒரு துன்பமாக அரசு ஏற்றுக்கொண்டதே இல்லையா என்றால், ஏற்றுக்கொண்டிருக்கிறது. பேரிடர் நிவாரண நிதிக்கான பட்டியலில் வெள்ளம், புயல், வறட்சியோடு குளிர் அலையும் இருக்கிறது. ஆனால் வானிலைத் துறையின் இலக்கணப்படி, சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்கோ அதற்குக் கீழோ இறங்க வேண்டும். மலைப்பகுதி என்றால் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இமயத்துக்காக வைத்த அளவுகோல் அது. ஜவ்வாது மலை ஒருநாளும் அதைத் தொடாது. சமவெளிக்காரனைவிடக் குளிரில் அதிகம் நடுங்கியும், ‘மலை’ என்ற ஒரே காரணத்தால் இவர்கள் கணக்கில் வராமல் போகிறார்கள். இங்கிலாந்தில் 1997-லிருந்து முதியோருக்குக் குளிர்கால எரிபொருள் தொகை என்று தனியாகவே கொடுக்கிறார்கள், வீட்டுக்கு 200 அல்லது 300 பவுண்டு. 2024-ல் அதைப் பரம ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கியபோது எழுந்த கூச்சலில், அடுத்த ஆண்டே ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ளவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அங்கே யாருக்கு எவ்வளவு என்று சண்டை போடவாவது ஒரு தலைப்பு இருக்கிறது.

பணம்கூட ஒரு பக்கம் இருக்கட்டும். என்னை அதிகம் உறுத்துவது வீடு.

பழைய மலையாளி வீடு மண் சுவர், புல் கூரை. நடுவில் அல்லது மூலையில் அடுப்பு. புகை கூரையின் புல் வழியாகக் கசிந்து போகும். போகிற வழியில் பரண்மேல் கட்டித் தொங்கவிட்ட விதைக் கதிரைப் பூச்சி அண்டாமல் காக்கும். புல்லின் இடுக்குகளில் தேங்கிய காற்று வீட்டுச் சூட்டை வெளியே விடாது. தடித்த மண் சுவர் பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் மெல்ல மெல்லக் கொடுக்கும். அந்த வீட்டில் கணப்பு என்பது வீட்டின் அமைப்பிலேயே இருந்த ஒன்று.

இப்போது வருவது தொகுப்பு வீடு. 2011-ல் வந்த பசுமை வீடு 300 சதுர அடி. 2016-லிருந்து பிரதமரின் கிராம வீட்டுத் திட்டம், 269 சதுர அடி. 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். பெயரும் அளவும் மாறியிருக்கின்றன. தட்டைக் கான்கிரீட் தளம் மட்டும் மாறவில்லை. நாகப்பட்டினத்து வெயிலுக்குப் போடுகிற அதே தளம் இங்கேயும். தெளிந்த வானத்தின் கீழ் அது இரவெல்லாம் சூட்டை மேலே விட்டுக்கொண்டே இருக்கிறது. அடியில் படுத்திருப்பவர் உடம்பிலிருந்து அதை இழுத்துக்கொள்கிறது. சிமென்ட் தரை வேறு. காலையில் தளத்தின் உட்புறத்தைத் தொட்டால் ஈரம் ஒட்டும். உள்ளே கணப்பு மூட்டலாம் என்றால் புகை போக வழியில்லை. சமையல் மூலையில் காஸ் மேடை உண்டு, புகைபோக்கி கிடையாது. காஸ் இருக்கும்போது புகை எதற்கு வரும் என்று வரைபடம் போட்டவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

விளைவு, நெருப்பு வாசலுக்கு வந்துவிட்டது. பல ஊர்களில் வீட்டு முன்னால் தகரமோ தென்னங்கீற்றோ போட்டு ஒரு சாய்ப்பு இறக்கியிருக்கிறார்கள். பாட்டியும் தாத்தாவும் அங்கேதான் படுக்கிறார்கள். பேரப் பிள்ளைகள் உள்ளே, ஒரே போர்வைக்குள் மூன்று பேர். லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய வீட்டுக்கு வெளியே, நெருப்புக்குப் பக்கத்தில், முதுகு குளிர முகம் காய, எழுபது வயது மனுஷி படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு இந்தத் திட்டங்களை வெற்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. குளிர் தாங்காமல் ஒருநாள் தணலைச் சட்டியில் அள்ளி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் என்ன ஆகும்? கொடைக்கானலிலும் ஊட்டியிலும் சுற்றுலா வந்தவர்கள் அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கி, விடியும்போது பிணமான செய்திகளைப் படித்திருக்கிறோம். கரித் தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புல் கூரை வீட்டில் அது தங்காமல் போய்விடும். ஜன்னல் சாத்திய கான்கிரீட் அறையில் தங்கும். நாம் கட்டிக் கொடுத்திருப்பது அப்படிப்பட்ட அறை.

கூரை வீடு ஒழுகும், தீப்பிடிக்கும், பாம்பு வரும், மக்களே கான்கிரீட் வீடுதான் கேட்கிறார்கள் என்பது உண்மைதான். கான்கிரீட் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மலைக்கு ஏற்ற கான்கிரீட் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. தளத்தின்மேல் ஓடு பதிக்கலாம். சுவரை உள்ளே வெற்றிடம் உள்ள கல்லில் எழுப்பலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், புகைபோக்கியோடு ஒரு கணப்பு மூலை வைக்கலாம். 1980-களில் புகையில்லா அடுப்புக்கென்று தேசியத் திட்டமே நடந்தது, 2002-ல் அதை நிறுத்தினார்கள். மண்ணில் அடுப்பும் புகைக் குழாயும் போடத் தெரிந்த கொத்தனார்கள் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். மத்தியத் திட்டத்தில் மலை மாநிலங்களுக்கும் கடினப் பகுதிகளுக்கும் 1.30 லட்சம், சமவெளிக்கு 1.20 லட்சம் என்று வித்தியாசம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பத்தாயிரம் கிடைத்தாலும் சிமென்டையும் கம்பியையும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிவரவே சரியாகிவிடும். குளிருக்கென்று ஒரு ரூபாயும் அதில் இல்லை.

விறகைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப் பொருள் என்று சொல்லும்போது புதர் விறகையும் அடிக்கட்டையையும் சேர்த்தே சொல்கிறது. தமிழ்நாட்டில் அந்தச் சட்டப்படி உரிமைச் சான்று வழங்குவது 2008-லிருந்து நீதிமன்ற இடைக்கால உத்தரவால் முடங்கிக் கிடந்து, 2016-ல்தான் உச்ச நீதிமன்றத்தில் தடை நீங்கியது. ஆனாலும் சந்தனக் காடு என்று பெயர் வாங்கிய மலை இது. தலையில் கட்டு வைத்துக்கொண்டு வருகிற பெண், எதிரே காக்கிச் சட்டை தெரிந்தால் பாதை மாறி நடக்கிறாள். காட்டைக் காக்க வேண்டாமா என்பார்கள். காக்க வேண்டும். காய்ந்து விழுந்த சுள்ளியைப் பொறுக்கும் பாட்டியால் எந்தக் காடும் அழிந்ததில்லை.

கனவு இல்லத் திட்டத்தின் இலக்கு 2030-க்குள் எட்டு லட்சம் வீடு. ஆகவே மலைக்கு வர வேண்டிய வீடுகளில் பல இன்னும் கட்டப்படாமலே இருக்கின்றன, வரைபடத்தைத் திருத்த நேரம் இருக்கிறது. பொங்கல் வேட்டி சேலையை நல்ல தை மாதக் குளிரில்தான் கொடுக்கிறார்கள். 1983-லிருந்து நடக்கிற அந்த ஏற்பாட்டில் மலை ஒன்றியங்களுக்கு மட்டும் ஆளுக்கொரு கம்பளியைச் சேர்க்கப் புதிய இலாகா ஒன்றும் தேவையில்லை. ஜனவரி 26-ல் கிராம சபை கூடும். அதுவும் குளிர் உச்சத்தில் இருக்கிற நாள். வீடு கேட்டவர்கள் பட்டியலை வாசித்துக் கையெழுத்து வாங்குவதோடு விடாமல், கணப்பு மூலையும் புகைபோக்கியும் இல்லாத வரைபடம் எங்கள் மலைக்கு வேண்டாம் என்று ஜவ்வாது மலை ஊராட்சிகள் தீர்மானம் எழுதி அனுப்பலாம். விறகு உரிமைக்கான சமூக மனுவையும் அதே கூட்டத்தில் வைக்கலாம், வன உரிமைச் சட்டப்படி அந்த வேலை தொடங்க வேண்டிய இடம் கிராம சபைதான்.