விமானம் இறங்கும் வழியும் அண்டை நாட்டு வானமும்

தெலுக் பங்லிமா காராங்கில் எங்கள் தோட்டப் பள்ளியின் திடலில் நின்று மேலே நோக்கினால், செப்பாங் விமான நிலையத்தை நாடித் தாழ்ந்து வரும் விமானங்களைக் காணலாம். மாணாக்கர் அவற்றை எண்ணுவதும், வாலில் தீட்டிய சின்னத்தைக் கொண்டு எந்த நாட்டு விமானம் என்று வாதிடுவதும் அன்றாடக் காட்சி. மழை இருண்டு நின்ற ஒரு நாள், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "சார், மேலே இருப்பவருக்குக் கீழே ஒன்றுமே தெரியாதே, ஓடுதளத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்?" என்று வினவினான். அவனுக்கு விடை கூற முற்பட்டபோது, அதனுள் மற்றொரு வினாவும் அடங்கியிருப்பது எனக்குப் புலனாயிற்று. இறங்கும் வழி அண்டை நாட்டு வானத்தினூடே செல்லுமானால், அவ்வழியை வகுக்கும் உரிமை யாருக்கு உண்டு? 2018-ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டிற்கும் சிங்கப்பூருக்கும் இடையே எழுந்த பூசல் இவ்வினாவைப் பற்றியதே. இரண்டையும் முறையே காண்போம்.

கண்ணுக்குப் புலனாகாத விளக்கு

கலங்கரை விளக்கம் என்னும் சொல்லைத் தமிழாசிரியர் அறிவர். கரைதல் என்பதற்கு அழைத்தல் என்பது பொருள். காக்கை கரைகிறது என்கிறோம் அல்லவா? இருட்டில் திசை தெரியாது வரும் கலங்களை அழைக்கும் விளக்காதலின் அது கலங்கரை விளக்கம் ஆயிற்று. விமானத்திற்கும் அத்தகைய விளக்கு ஒன்று உண்டு. ஆனால் அது அழைப்பது ஒளியால் அன்று, வானொலி அலையால். உலகெங்கும் ஐ.எல்.எஸ். என்று வழங்கும் இதனைக் கருவிவழி இறங்குமுறை என்று நாம் கூறலாம்.

இம்முறையில் இரண்டு கற்றைகள் உள்ளன. ஓடுதளத்தின் மறுகோடியில் நிற்கும் அலைவரிசைக் கம்பங்களிலிருந்து புறப்படுவது திசைக் கற்றை. விமானம் தரையைத் தொடும் இடத்திற்குப் பக்கத்தில் உள்ள கோபுரத்திலிருந்து புறப்படுவது சரிவுக் கற்றை. ஒவ்வொரு கற்றையிலும் இரண்டு சுருதிகள் கலந்திருக்கும். ஒன்று வினாடிக்கு 90 அதிர்வுடையது. மற்றது 150 அதிர்வுடையது. இறங்கி வரும் விமானம் நேர்கோட்டிற்கு இடப்புறம் விலகினால் 90 ஓங்கும். வலப்புறம் விலகினால் 150 ஓங்கும். அவ்வாறே, உரிய சரிவுக்கு மேலே இருந்தால் 90 மிகும்; கீழே தாழ்ந்தால் 150 மிகும். இரண்டும் சமமாக ஒலிக்கும் இடமே சரியான வழி. விமானியின் முன்னுள்ள கருவி இவ்வேறுபாட்டை அளந்து, முள்ளை நகர்த்திக் காட்டுகிறது. இரு தட்டும் சமமாகும்போது நடுவே நிற்கும் தராசு முள்ளை இதற்கு உவமையாகக் கொள்ளலாம்.

சரிவுக் கற்றையின் சாய்வு பெரும்பாலும் 3 பாகை. அஃதாவது, ஏறத்தாழ 19 மீட்டர் முன்னேறினால் 1 மீட்டர் தாழ்வது. தரையைத் தொடும் இடத்திற்கு 2 கிலோமீட்டர் முன்பே விமானம் ஏறத்தாழ 105 மீட்டர் உயரத்திற்குத் தாழ்ந்துவிடும் என்பதைக் கணக்கிட்டு அறியலாம். இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்; பின்னர்த் தேவைப்படும். முதல்தர முறையில் 200 அடி, அஃதாவது 60 மீட்டர் உயரம் வரை விமானி கருவியை நம்பி வரலாம். அந்த உயரத்திலும் ஓடுதளமோ அதன் விளக்குகளோ கண்ணுக்குத் தென்படாவிடின், மீண்டும் மேலெழுந்து போதல் வேண்டும்.

சரிவைக் காட்டும் கற்றை இல்லாதபோது விமானியின் பொறுப்பு எத்துணைப் பெரிது என்பதற்குச் சிலாங்கூரிலேயே துயரமான சான்று உண்டு. 1977-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள், ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று மோசமான வானிலையில் சுபாங்கில் இறங்க வந்தது. அது பின்பற்றிய முறை திசையைக் காட்டுவது, சரிவைக் காட்டாதது. அத்தகைய முறையில், இந்த உயரத்திற்குக் கீழே ஓடுதளத்தைக் காணாமல் தாழக்கூடாது என்று ஓர் எல்லை வகுத்திருப்பர். ஓடுதளம் கண்ணில் படாமலேயே அவ்வெல்லைக்குக் கீழே விமானம் தாழ்ந்து, நிலையத்திற்குச் சில மைல் தொலைவில் தோட்டப் பகுதிக் குன்றில் மோதியது. 79 பேரில் 34 பேர் மாண்டனர். இறங்குமுறைக் கருவி விமான நிலையத்தின் அலங்காரம் அன்று. உயிரைக் காக்கும் துணை. எனவே ஒரு நாடு தன் நிலையத்தில் அதனை நிறுவ விரும்புவதில் வியப்பில்லை.

நீரிணைக்கு அப்பால் ஓர் ஓடுதளம்

இனிப் பூசலுக்கு வருவோம். சிங்கப்பூரின் வடகிழக்கில் உள்ள செலேத்தார், பிரிட்டிஷ் வான்படைத் தளமாகத் தோன்றிய பழைய விமான நிலையம். சாங்கி நிலையத்தில் நெருக்கடி மிகவே, சுழல்விசிறி பூட்டிய சிறு விமானங்களைச் செலேத்தாருக்கு மாற்ற எண்ணினர். அங்குப் புதிய பயணியர் முனையம் 2018 நவம்பரில் திறக்கப்பெற்றது. சுபாங்கிலிருந்து செல்லும் நம் நாட்டு ஃபயர்பிளை விமானங்கள் டிசம்பர் முதல் நாளிலிருந்து அங்கு இறங்குவதாக இருந்தது. அதுவரை செலேத்தாரில் விமானிகள் கண்ணால் பார்த்தே இறங்கி வந்தனர். அங்குக் கருவிவழி இறங்குமுறையை 2019 சனவரி 3 முதல் நடைமுறைப்படுத்தப் போவதாகச் சிங்கப்பூர் அறிவித்தது.

வடகிழக்கிலிருந்து செலேத்தாரில் இறங்கும் விமானம் ஜொகூர் நீரிணையைக் கடந்தே வருதல் வேண்டும். நீரிணையின் இக்கரையில், ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது பாசிர் கூடாங். துறைமுகமும், எண்ணெய்க் கிடங்குகளும், தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர் அது. மேலே கூறிய 105 மீட்டர் என்னும் கணக்கு இங்கேதான் பொருள் பெறுகிறது. மேலும், விமானம் 105 மீட்டரில் வருவதால் 100 மீட்டர்க் கட்டடம் கட்டலாம் என்று கருதுதல் தவறு. விமானம் வழி தவறினும் ஒன்றிலும் மோதாதிருக்கும் பொருட்டு, வழியின் அடியிலே கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரையைப் பன்னாட்டு விதிகள் வகுக்கின்றன. பெரிய கருவி ஓடுதளங்களுக்கு நெடுங்காலமாக வழங்கும் அளவு, முதல் 3 கிலோமீட்டருக்கு 50 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் என்பது. இவ்வளவின்படி 2 கிலோமீட்டரில் அக்கூரையின் உயரம் ஏறத்தாழ 40 மீட்டர்தான். துறைமுகப் பாரந்தூக்கிகளும் உயர்ந்த கட்டடங்களும் இவ்வுயரத்தை எளிதில் தாண்டும்.

ஆதலின், அன்றைய போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் 2018 டிசம்பர் 4-ஆம் நாள் இத்திட்டத்தை வெளிப்படையாக மறுத்துரைத்தார். இம்முறை பாசிர் கூடாங்கின் கட்டட உயரங்களுக்கும் துறைமுகப் பணிக்கும் தடையாகும் என்பது அவர் வாதம். ஏற்கெனவே விமானங்கள் பறந்துவரும் வழியையே இம்முறை பின்பற்றுகிறது, பாதுகாப்பே நோக்கம், முன்கூட்டியே கலந்து பேசினோம் என்பது சிங்கப்பூரின் மறுமொழி. மலேசியா பாசிர் கூடாங்கின் மேலுள்ள வானத்தைக் கட்டுப்பாட்டுப் பகுதி என அறிவித்தது; அது சனவரி 2-ஆம் நாள் நடப்புக்கு வந்தது. ஃபயர்பிளை விமானங்களோ டிசம்பர் முதலே நின்றுபோயின.

இருவர் வாதத்திலும் நியாயம் உண்டு என்பதை நடுநிலையோடு நோக்குவோர் உணர்வர். விமானத்தில் அமர்ந்திருப்பவனுக்குப் பாதுகாப்பு வேண்டும். கீழே வாழ்பவனுக்குத் தன் மண்ணில் கட்டும் உரிமை வேண்டும்.

உரிமை வேறு, பொறுப்பு வேறு

இங்கே ஓர் அடிப்படை வேறுபாட்டை அறிதல் இன்றியமையாதது. 1944 டிசம்பர் 7-ஆம் நாள் கையொப்பமான சிக்காகோ உடன்படிக்கையின் முதல் விதி, ஒவ்வொரு நாட்டிற்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வானத்தில் முழுமையான, தனக்கே உரிய ஆட்சியுரிமை உண்டு என்கிறது. ஆனால் விமானங்களுக்கு வழிகூறி, ஒன்றோடொன்று மோதாது காக்கும் பணிக்கென வானம் தனியே வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இவ்வட்டாரங்களின் எல்லை நாட்டின் எல்லையோடு ஒத்திருக்க வேண்டுவதில்லை. ஒரு நாட்டின் வானத்தில் வழிகூறும் பொறுப்பை மற்றொரு நாடு ஏற்றிருக்கலாம். தென் ஜொகூரின் மேலுள்ள வானத்தில் இப்பணியைச் சிங்கப்பூர் ஏற்றது, 1974-ஆம் ஆண்டு இரு கட்டுப்பாட்டு நிலையங்களும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படியே ஆகும். பொறுப்பை ஒப்படைத்ததனால் உரிமை பறிபோவதில்லை. ஆயினும், பணி செய்பவர் நாளடைவில் உரிமையாளர் போல் நடந்துகொள்வாரோ என்னும் ஐயம் இயல்பே. அவ்வானத்தைப் படிப்படியாக மீளப்பெற விரும்புவதாக மலேசியா அப்போது கூறியதும் இதனால்தான்.

இவ்வையத்திற்குப் பழைய நினைவு ஒன்றும் துணைநிற்கிறது. பத்து பூத்தே தீவில் 1851-ஆம் ஆண்டு முதல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் எரிந்து வருகிறது. அத்தீவு யாருக்கு என்னும் வழக்கில் 2008 மே 23-ஆம் நாள் அனைத்துலக நீதிமன்றம் சிங்கப்பூருக்கே அதனை உரியதாக்கியது. விளக்கைப் பேணியது மட்டும் அத்தீர்ப்பிற்குக் காரணம் அன்று; இரு தரப்பாரும் நெடுங்காலம் எழுதியவையும் நடந்துகொண்ட முறையும் ஆராயப்பட்டன. எழுத்தில் தெளிவும் நடத்தையில் விழிப்பும் வேண்டும் என்பதே அதனால் பெறும் படிப்பினை.

இத்தகைய சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. ரியாவ் தீவுகளின் மேல் வழிகூறும் பணி பற்றி இந்தோனேசியாவும் சிங்கப்பூரும் பல்லாண்டு பேசி, 2022 சனவரி 25-ஆம் நாள் உடன்பாடு கண்டன. அது 2024 மார்ச் 22-இல் நடப்புக்கு வந்தது. அதன்படி வட்டார எல்லை இந்தோனேசியாவின் எல்லைக்கேற்பத் திருத்தப்பட்டது. எனினும் சில பகுதிகளில் 37,000 அடிக்குக் கீழ் வழிகூறும் பணியை 25 ஆண்டுகளுக்கு அந்நாடே சிங்கப்பூரிடம் ஒப்படைத்துள்ளது. உரிமையை நிலைநாட்டிப் பணியைப் பகிர்ந்துகொண்ட ஏற்பாடு இது.

தீர்வு வந்த வழி

2019 சனவரி 8-ஆம் நாள் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் சந்தித்து, இறங்குமுறையையும் கட்டுப்பாட்டுப் பகுதியையும் ஒரு மாதம் நிறுத்திவைக்க இசைந்தனர். ஏப்ரலில் உடன்பாடு ஏற்பட்டது. சிங்கப்பூர் தன் கருவிவழி முறையை மீட்டுக்கொண்டது. மலேசியா கட்டுப்பாட்டுப் பகுதியைக் காலவரையறையின்றி நிறுத்திவைத்தது. அதற்குப் பதிலாகத் துணைக்கோள்வழி இறங்குமுறையை வகுப்பதென முடிவாயிற்று. 1974-ஆம் ஆண்டு ஏற்பாட்டை ஆராய உயர்நிலைக் குழு ஒன்றும் அமைக்க இசைந்தனர். ஏப்ரல் 22-ஆம் நாள் ஃபயர்பிளை செலேத்தாரில் இறங்கியது.

துணைக்கோள் முறையின் தனிச்சிறப்பு யாது? வானொலிக் கற்றை கோல்போல் நேரானது. அதனை வளைக்க முடியாது. துணைக்கோள் முறையிலோ, வழி என்பது விமானத்தின் கணிப்பொறியில் பதித்த புள்ளிகளின் தொடர். ஆதலின் இடத்திற்கேற்பத் திருப்பங்களோடு வழியை வகுக்க வாய்ப்புண்டு. ஆனால் கருவி மட்டுமே பூசலைத் தீர்க்கவில்லை. அக்கருவி முன்பே இருந்தது. ஒரு மாதம் கைகளைக் கட்டிக்கொண்டு பேசுவோம் என்று இரு தரப்பாரும் இசைந்த பின்னரே, அதனை எடுத்துப் பயன்படுத்த மனம் வந்தது.

மறுநாள் கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்து, 3 பாகையைக் குறித்து, அம்மாணவனுக்கு விளக்கினேன். முக்கோணத்தின் அடியில் சில வீடுகளையும் ஒரு பாரந்தூக்கியையும் வரைந்தேன். கோடு அவற்றைத் தொடும் அளவிற்குத் தாழ்ந்தபோது, "சார், அந்த வீட்டுக்காரரைக் கேட்டார்களா?" என்று அவனே வினவினான். கணிதம், அறிவியல், வரலாறு ஆகிய மூன்று பாடங்களுக்கும் இவ்வொரு படம் போதும். ஆசிரிய நண்பர்கள் தம் வகுப்பிலும் இதனை வரைந்து பார்ப்பார்களாக.