எஸ்பிரஸோவா, ஃபில்டர் காபியா... உங்க தூக்கத்தைக் கெடுக்கிறது எது?

நாளைக்கு எக்ஸாம். ராத்திரி முழுக்க முழிச்சுப் படிக்கணும். 'எஸ்பிரஸோ குடிச்சா தூக்கம் ஓடிடும். வீட்டு ஃபில்டர் காபி பால் கலந்ததுதானே, அது என்ன பண்ணிடப் போகுது?' இப்படித்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். வாங்க, கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். மகாராஜபுரமோ ராஜபாளையமோ, நம்ம ஊர்க் கல்யாண வீடுகளில் மெஷின்ல 'உஸ்ஸ்'னு நுரை பொங்க, மேலே சாக்லேட் பவுடர் தூவிக் கொடுப்பாங்களே 'எக்ஸ்பிரஸோ', அது பெரும்பாலும் இன்ஸ்டன்ட் காபிதான். அந்த மெஷின் நீராவியால பாலைச் சூடாக்கி நுரைக்க வைக்குது, அவ்வளவுதான். இத்தாலிக்காரங்க சொல்ற எஸ்பிரஸோ வேற. நைஸா அரைச்ச காபிப் பொடி வழியா, சுமார் 9 மடங்கு காற்றழுத்தத்துல வெந்நீரைச் செலுத்தி, அரை நிமிஷத்துல 30 மி.லி. இறக்குவாங்க.

எதுல எவ்வளவு?

அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி, 30 மி.லி. எஸ்பிரஸோவில் சுமார் 63 மி.கி. கஃபைன். 240 மி.லி. சாதாரண பிளாக் காபியில் சுமார் 95 மி.கி. ஒரு சொட்டுக்கு ஒரு சொட்டுனு பார்த்தா எஸ்பிரஸோ ஐந்து மடங்கு ஸ்ட்ராங். ஆனா, யாரும் சொட்டுக் கணக்குல குடிக்கிறதில்லையே! ஒரு கப்புக்கு ஒரு கப்னு பார்த்தா சாதாரண காபிதான் ஜெயிக்குது.

நம்ம டம்ளர் கணக்கு

ஒரு டம்ளர் ஃபில்டர் காபிக்கு 10 கிராம் பொடி போடுறதா வெச்சுக்குவோம். அதுல 20 சதவிகிதம் சிக்கரி. சிக்கரி ஒரு செடியோட வேர். அதுல கஃபைன் கிடையாது. மிச்சம் 8 கிராம்தான் காபி. அரபிகா கொட்டையில் கஃபைன் சுமார் 1.2 சதவிகிதம். அப்போ 96 மி.கி. முழுசும் டிகாஷன்ல இறங்காது. கொஞ்சம் சக்கையிலேயே தங்கிடும். இருந்தாலும், ஒரு ஷாட் எஸ்பிரஸோவுக்கு இது சளைச்சதில்லை.

அதே பொடி ரொபஸ்டாவா இருந்தா? அதுல சுமார் 2.2 சதவிகிதம். கிட்டத்தட்ட டபுள்!

கசப்பை வெச்சும் கணக்குப் போடாதீங்க. கறுக்க வறுத்தா கசப்புதான் கூடும். கஃபைன் பெரிசா மாறாது. பால் ஊத்தினா ருசி சாந்தமாகும். டிகாஷன்ல இருந்த கஃபைன் அப்படியே இருக்கும். எத்தனை கிராம் காபி, எந்தக் கொட்டை... இந்த ரெண்டும்தான் முக்கியம்.

மாலை 6 மணி காபி, ராத்திரி 11 மணியிலும்!

நாள் முழுக்க மூளையில் அடினோசின்னு ஒண்ணு சேர்ந்துகிட்டே வரும். 'போதும், தூங்கு'ன்னு சொல்றது அதுதான். கஃபைன் அது உட்கார வேண்டிய இடத்துல போய் உட்கார்ந்துக்கும். களைப்பு போகலை, தெரியலை, அவ்வளவுதான். உடம்புக்குள்ள போன கஃபைன்ல பாதி வெளியேறவே சராசரியா 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு 100 மி.கி. குடிச்சா, ராத்திரி 11 மணிக்கும் 50 மி.கி. உள்ளே இருக்கும். படிச்சதை மனசுல பதிய வைக்கிறதே தூக்கம்தான். அதை விட்டுட்டுப் படிச்சா நஷ்டம் யாருக்கு?

எவ்வளவு வரை ஓ.கே?

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மி.கி. வரை பிரச்னையில்லைன்னு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்லுது. கர்ப்பிணிகள் 200 மி.கி.யைத் தாண்டாம இருக்கிறது நல்லது. 18 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு இந்த 400 கணக்கு பொருந்தாது. டீ, கோலா, எனர்ஜி டிரிங்க் எல்லாத்தையும் இந்தக் கணக்குலயே சேர்த்துக்கணும். படபடப்பு, கை நடுக்கம் வந்தா, அதுதான் உங்க லிமிட்.

அடுத்த முறை காபிப் பொடி வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. சிக்கரி எத்தனை சதவிகிதம்னு அதுல போட்டிருப்பாங்க. மாலையில காபி குடிச்சே ஆகணும்னா, ரெண்டாம் டிகாஷன்ல அரை டம்ளர் போதும். முதல் டிகாஷனைக் காலைக்கு வெச்சுக்கலாம்!